லயத்து வாசலில் ஒரு மழைமானி

போனக்காடு என்ற பெயரை இணையத்தில் தேடுவோருக்கு முதலில் கிடைப்பது பேய்க் கதையே. ஆங்கிலேயர் காலத்துப் பாழடைந்த பங்களா, அங்கே இரவில் கேட்பதாகச் சொல்லப்படும் அலறல், அதைப் படம்பிடிக்க வரும் இளைஞர் கூட்டம் என்று காணொலிகள் குவிந்து கிடக்கின்றன. அதே தோட்டத்தின் லயங்களில் உயிருள்ள மனிதர்கள், ஒழுகும் கூரைக்குக் கீழே, சம்பள நிலுவைக்காகவும் பணிக்கொடைக்காகவும் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள் என்ற செய்திக்கு அத்தனை பார்வையாளர்கள் இல்லை. பேய்க்கு இருக்கும் சந்தை தொழிலாளிக்கு இல்லை.

திருவனந்தபுரம் மாவட்டம் நெடுமங்காடு வட்டத்தின் விதுரா ஊராட்சியில், 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர்கூடத்தின் நிழலில் இருக்கிறது இந்தத் தேயிலைத் தோட்டம். தமிழ் பேசும் தொழிலாளர் குடும்பங்கள் தலைமுறைகளாக இங்கே கொழுந்து பறித்தவை. கால் நூற்றாண்டாக நீடிக்கும் நெருக்கடியில் தொழிற்சாலை மூடப்பட்டு இயந்திரங்கள் துருவேறின. இந்த மலைத்தொடரில் பெய்யும் மழை கரமனை ஆறாக இறங்கி, பேப்பாறை அணையில் தேங்கி, தலைநகரின் குடிநீராகிறது. அந்தத் தலைநகரில்தான் நாட்டின் முதல் தொழில்நுட்பப் பூங்காவான டெக்னோபார்க் 1990இல் அமைந்தது. 1973இல் மாநில அரசின் பொதுத்துறை நிறுவனமாகப் பிறந்த கெல்ட்ரானின் தலைமையகமும் அங்கேதான். கட்டற்ற மென்பொருளுக்கான கேரள அரசின் தன்னாட்சி நிறுவனமாகிய ஐசிஃபாஸும் அங்கேதான். நீர் மலையிலிருந்து நகரத்துக்கு இறங்க அதிக நேரம் பிடிப்பதில்லை. நகரத்தின் அறிவு மலைக்கு ஏறத்தான் இத்தனை காலம் ஆகிறது.

அப்படி ஏற வேண்டிய அறிவுகளில் ஒன்று, குறைந்த மின்சாரத்தில் நெடுந்தொலைவு பேசும் கம்பியில்லா வலைப்பின்னல். பொருள்களின் இணையம் என்ற பெயரில் பெருநிறுவனங்களின் கண்காட்சிகளில் அது காட்சிக்கு வைக்கப்படுகிறது. தோட்டத் தொழிலாளர் சங்கக் கூட்டங்களில் அதைப் பற்றிய பேச்சு எழுவது அரிது. எழ வேண்டும் என்பதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றில் முதன்மையானது கூலியைப் பற்றியதல்ல, உயிரைப் பற்றியது.

குயில் கூவும் முறை

இந்த வகைத் தொழில்நுட்பங்களில் இன்று பரவலாக இருப்பது லோரா. பிரான்சின் கிரெனோபிள் நகரில் சைக்லியோ என்ற சிறு நிறுவனத்தில் உருவாகி, 2012இல் அமெரிக்காவின் செம்டெக் நிறுவனத்தின் கைக்குப் போனது. வழக்கமான வானொலிச் சைகை ஒரே அதிர்வெண்ணைச் சுற்றி நிற்கும். லோராவின் சைகையோ குயிலின் கூவலைப் போலக் கீழிருந்து மேலாகச் சுருதி ஏறிச் செல்கிறது. தோப்பில் எத்தனை சத்தம் இருந்தாலும் குயிலின் குரலை நம் காது பிரித்தறிகிறதல்லவா, அதுபோலவே இரைச்சலின் மட்டத்துக்கும் கீழே தேய்ந்துபோன சைகையைக்கூட வாங்கி இனங்கண்டுவிடுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை வேகம். படம் அனுப்ப முடியாது. தொலைபேசிபோல் பேச முடியாது. ஒரு நேரத்தில் சில பத்துப் பைட்டுகள் மட்டுமே போகும். கூவலை எவ்வளவு நீட்டுகிறோமோ அவ்வளவு தொலைவு கேட்கும். பத்துப் பைட்டுச் செய்தி குறுகிய கூவலில் ஏறத்தாழ 60 மில்லி விநாடியில் முடியும், மிக நீண்ட கூவலில் ஒன்றரை விநாடி எடுக்கும். நகரத்தின் கட்டடங்களுக்கு இடையே 2 முதல் 5 கிலோமீட்டர், தடையற்ற வெளியில் 15 கிலோமீட்டர் வரை எட்டும் என்பது பொதுவான கணக்கு. மலை குறுக்கே நின்றால் இந்தக் கணக்கு சுருங்கும்.

சில பத்துப் பைட்டுகளால் என்ன பயன் என்று கேட்போர் ஒரு மழைமானியைப் பார்க்க வேண்டும். உள்ளே ஏற்றப்பலகை போல இரண்டு சிறு வாளிகள். ஒன்றில் 0.2 மில்லிமீட்டர் மழைக்குரிய நீர் நிறைந்ததும் அது சாய்ந்து கொட்டும், மற்றது மேலே வரும். ஒவ்வொரு சாய்வும் ஓர் எண்ணிக்கை. அந்த எண்ணிக்கைக்கு இரண்டே பைட்டுகள் போதும். இரண்டு பைட்டில் 65,535 வரை எண்ணலாம், அதாவது 13,000 மில்லிமீட்டருக்கும் மேற்பட்ட மழை. சிரபுஞ்சியின் சராசரி ஆண்டு மழையே 12,000 மில்லிமீட்டருக்குள்தான். ஓராண்டு வானத்தை இரண்டு பைட்டில் அடக்கிவிடலாம் என்றால், வேகமான வலைப்பின்னல் எதற்கு? பத்து நிமிடத்துக்கு ஒருமுறை விழித்து, எண்ணிக்கையைக் கூவிவிட்டு, மறுபடி உறங்கிவிடும் கருவிக்கு ஒரு சிறு பேட்டரி ஆண்டுக்கணக்கில் வரும். மண்ணின் ஈரத்தை, நிலத்தடி நீரின் அழுத்தத்தை, சரிவின் சாய்மானத்தை அளக்கும் உணரிகளுக்கும் இதே கணக்குத்தான்.

இந்தக் கூவலைக் கேட்பது வாயில் நிலையம் எனப்படும் பெட்டி. உயரமான இடத்தில் ஏரியலுடன் நிற்கும் அது, சுற்றுவட்டாரத்தின் நூற்றுக்கணக்கான கருவிகளிடமிருந்து வரும் செய்தியை வாங்கி இணையம் வழியே சர்வருக்கு அனுப்புகிறது. ஒரே கூவலை மூன்று நிலையங்கள் கேட்டால் சர்வர் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றைத் தள்ளிவிடும். இந்த ஒழுங்குமுறைக்குப் பெயர் லோராவான். 2015இல் அமைந்த தொழில்துறைக் கூட்டமைப்பு ஒன்று அதைப் பராமரிக்கிறது. 2021இல் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம் அதைத் தரமாக ஏற்றது. கருவிகள் பிறர் பேசுகிறார்களா என்று கவனிக்காமலேயே பேசிவிடும். இந்த முறைக்கு மூலம், ஹவாய்த் தீவுகளை வானொலியால் இணைக்க 1971இல் அங்குள்ள பல்கலைக்கழகம் இயக்கிய அலோஹா வலைப்பின்னல். இருவர் ஒரே நேரத்தில் பேசினால் செய்தி தொலையக்கூடும். ஆகவே ஒற்றைக் கருவியின் ஒற்றைச் செய்தியை நம்பி உயிரைப் பணயம் வைக்கலாகாது. பல கருவிகள், திரும்பத் திரும்ப வரும் செய்திகள், இரண்டு நிலையங்கள் என்று பின்னினால்தான் அது பாதுகாப்பு வலை. விற்பனைக் கையேடுகள் இதை அழுத்திச் சொல்வதில்லை.

பெட்டிமுடி இரவு

2020 ஆகஸ்ட் 6ஆம் நாள் இரவு பத்தே முக்கால் மணியளவில் மூணாறை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்தது. லயங்களில் உறங்கிக்கொண்டிருந்த 70 பேர் மாண்டார்கள். அவர்களில் நால்வரின் உடல் இன்றுவரை கிடைக்கவில்லை. ஏறக்குறைய அனைவரும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களும் அவர்கள் குழந்தைகளும். மின்சாரம் இல்லாததால் கைபேசிக் கோபுரம் இயங்கவில்லை. வெளியுலகுக்குச் செய்தி எட்டியது மறுநாள் காலையில். மண்ணுக்கடியில் உயிரோடு இருந்தவர்களுக்கு அந்த ஓர் இரவு எவ்வளவு நீளமானதாக இருந்திருக்கும் என்பதை அளக்க எந்த உணரியும் இல்லை.

நினைவில் கொள்ள வேண்டிய செய்தி இது: அதே மூணாறின் அந்தோணியார் காலனிச் சரிவில், 2005ஆம் ஆண்டு நிலச்சரிவுக்குப் பிறகு, அமிர்தா பல்கலைக்கழகம் கம்பியில்லா உணரிகளைப் புதைத்து நிலச்சரிவு எச்சரிக்கை அமைப்பு ஒன்றை இயக்கி வந்தது. உலக அளவில் பேசப்பட்ட ஆய்வு அது. அதாவது பெட்டிமுடி புதைந்தபோது தொழில்நுட்பம் கண்டுபிடிக்கப்படாமல் இல்லை. ஒரு சரிவில் அது இருந்தது, லயங்கள் நிரம்பிய எண்ணற்ற பிற சரிவுகளில் இல்லை. ஆய்வாக இருக்கும்வரை அறிவியல் ஓர் இடத்தில் நிற்கும், உரிமையாக மாறினால்தான் மலை முழுவதும் ஏறும்.

கைபேசிக் கோபுரம் ஊமையான இரவில் லோராக் கருவி மட்டும் பேசியிருக்குமா? கருவிக்கு மின்கம்பி தேவையில்லை. ஆனால் வாயில் நிலையத்துக்கு மின்சாரமும் இணையமும் தேவை. சிறு சூரியத்தகடும் தக்க பேட்டரியும் இருந்தால் மின்சாரச் சிக்கல் தீரும். பெருமழை நாட்களில் சூரியன் தெரியாது என்பதையும் கணக்கிட்டே பேட்டரியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இணையம் அறுந்தாலும் அந்தந்த இடத்திலேயே முடிவெடுத்துச் சங்கு ஊதும் வகையில் ஒரு சிறிய கணினியை நிலையத்தோடு வைக்க முடியும். சிர்ப்ஸ்டாக் போன்ற கட்டற்ற சர்வர் மென்பொருள்கள் அதற்கு இடம் தருகின்றன. நிலையமே இல்லாமல் கருவிக்குக் கருவி தாவி எழுத்துச் செய்தி செல்லும் மெஷ்டாஸ்டிக் என்ற திறந்தநிலை மென்பொருளும் அதே லோராவின் மேல் இயங்குகிறது. பெட்டிமுடியிலிருந்து மேடு தாண்டி ஒற்றை வரி வெளியே வந்திருந்தால் போதும்.

எச்சரித்த பிறகு என்ன?

வயநாட்டில் 2024 ஜூலை 30 அதிகாலையில் முண்டக்கை, சூரல்மலை ஊர்கள் அழிந்தன. காணாமற்போனோரையும் சேர்த்தால் மாண்டவர் ஏறத்தாழ 300 பேர்; அங்கும் தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பல. அந்த மாவட்டத்தில் கல்பற்றாவின் ஹ்யூம் மையம் உழவர்களையும் தன்னார்வலர்களையும் கொண்டு 200க்கும் மேற்பட்ட மழைமானிகளை நடத்தி வந்தது. பெரும்பாலும் மனிதர்கள் நேரில் பார்த்துக் குறிக்கும் எளிய மானிகள்தாம். அந்த அளவுகளை வைத்து, சரிவு நேர்வதற்கு ஏறத்தாழ 16 மணி நேரம் முன்பே ஆபத்தை அந்த மையம் மாவட்ட நிர்வாகத்துக்குத் தெரிவித்ததாகச் செய்திகள் வெளிவந்தன. இலங்கையில் கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தின் லயன்கள் 2014 அக்டோபர் 29 அன்று புதைந்தன. அந்த நிலம் ஆபத்தானது என்று அந்நாட்டின் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது.

ஆக, எச்சரிக்கை வந்தும் மக்கள் மாண்ட கதைகள் நம் முன்னே இருக்கின்றன. உணரி உயிரைக் காப்பாற்றாது. உணரியின் செய்திக்குப் பிறகு யார் எழுந்து கதவைத் தட்ட வேண்டும், வெளியேறுவோர் எங்கே தங்க வேண்டும், அன்றைய கூலி என்னவாகும் என்பவை முன்பே முடிவாகியிருக்க வேண்டும். மூடிக் கிடக்கும் தோட்டங்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. லயத்தைக் காலி செய்தால் நிலுவையைக் கேட்கும் கடைசிப் பிடியும் நழுவிவிடும் என்ற அச்சம் தொழிலாளரை இடிந்த சுவருக்குள்ளேயே இருத்தி வைக்கிறது. பணிக்கொடையைத் தராத நிர்வாகம், தொழிலாளியை மலைச்சரிவில் கட்டிப்போட்டிருக்கிறது என்றே பொருள். இந்தக் கட்டை எந்தக் கம்பியில்லாத் தொழில்நுட்பமும் அவிழ்க்காது.

ஆனால் தொழில்நுட்பம் தரக்கூடிய வேறொன்று உண்டு: சான்று. 1951ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டத்தில் 1981இல் செய்யப்பட்ட திருத்தம், நிர்வாகம் கொடுத்த வீடு இடிந்து தொழிலாளியோ குடும்பத்தினரோ இறந்தால் முதலாளியே இழப்பீடு தர வேண்டும் என்றது. ஒரு விலக்கும் வைத்தது: வீடு இடிந்ததற்குக் குடியிருப்போரின் தவறு மட்டுமோ இயற்கைப் பேரிடர் மட்டுமோ நேரடிக் காரணமாக இருந்தால் பொறுப்பில்லை. 2025 நவம்பரில் ஒன்றிய அரசு நடைமுறைக்குக் கொண்டுவந்த தொகுப்புச் சட்டங்களில் பழைய சட்டம் கரைந்துவிட்டது. இந்த விலக்கு மட்டும் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பில் பத்திரமாகத் தொடர்கிறது. ஒவ்வொரு நிலச்சரிவுக்கும் பிறகு 'இயற்கையின் சீற்றம்' என்ற சொல் இவ்வளவு வேகமாகப் புழக்கத்துக்கு வருவதற்கு இந்த ஒரு வரி எத்தனை வசதியானது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. மலையில் எந்த மணிக்கு எத்தனை மில்லிமீட்டர் பெய்தது, மண்ணின் ஈரம் எப்போது எல்லையைத் தாண்டியது, அந்தச் செய்தி எந்த நேரத்தில் யாருடைய மேசைக்குப் போனது என்ற மணிவாரிப் பதிவு தொழிலாளர் கையில் இருந்தால், பேரிடர் 'மட்டுமே' காரணம் என்ற வாதம் அவ்வளவு எளிதாக நிற்காது. பதினாறு மணி நேரம் முன்பே தெரிந்த ஆபத்தை இயற்கையின் தலையில் கட்டுவது கடினம்.

சாவி யாரிடம்?

இங்கேதான் உடைமைக் கேள்வி வருகிறது. லோராவான் செய்திகள் இரண்டு சாவிகளால் பூட்டப்படுகின்றன. ஒன்று வலைப்பின்னலை நடத்துபவருக்கு, செய்தி உண்மையான கருவியிலிருந்துதான் வந்ததா என்று சரிபார்க்க. மற்றொன்று தரவின் உடைமையாளருக்கு, உள்ளே இருப்பதைப் படிக்க. முறையாக அமைத்தால், செய்தியைச் சுமப்பவரால் அதைத் திறந்து பார்க்க முடியாது. தோட்டத்து மழையளவின் இரண்டாவது சாவி நிர்வாகத்திடம் மட்டும் இருந்தால் மேற்சொன்ன சான்று ஒருபோதும் நீதிமன்றத்துக்கு வராது. ஊராட்சியிடமும் தொழிலாளர் குழுவிடமும் அது இருக்க வேண்டும் என்று கேட்பது தொழில்நுட்பக் கோரிக்கை அல்ல, தொழிற்சங்கக் கோரிக்கை.

வலைப்பின்னலும் யாருடையது என்பது முக்கியம். பிரான்சின் சிக்ஃபாக்ஸ் நிறுவனம் இதே நோக்கத்துக்காகத் தனக்கென ஒரு மூடிய வலைப்பின்னலைப் பல நாடுகளில் விரித்தது. 2022 ஜனவரியில் அது நொடித்து நீதிமன்றப் பாதுகாப்பை நாடியபோது, அதை நம்பிக் கருவிகளைப் பதித்தவர்கள் கைபிசைந்து நின்றார்கள். சில மாதங்களில் சிங்கப்பூர் நிறுவனம் ஒன்று அதை வாங்கியது. வாங்கியிராவிட்டால் அத்தனை உணரிகளும் வெறும் பிளாஸ்டிக். இதற்கு நேர்மாறாக, 2015இல் ஆம்ஸ்டர்டாம் நகரத்தை அங்கிருந்த ஆர்வலர்கள் பத்தே வாயில் நிலையங்களால் மூடி, எல்லோருக்கும் பொதுவான வலைப்பின்னலாக அறிவித்தார்கள். திங்ஸ் நெட்வொர்க் என்ற பெயரில் அது பல நாடுகளுக்குப் பரவியது. இந்தியாவிலும் அதற்கு வழி அடைபடவில்லை. 865 முதல் 867 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைக்கற்றை குறைந்த திறன் கருவிகளுக்கு 2005இலிருந்தே உரிமம் தேவைப்படாததாக இருக்கிறது. 2021இல் அது 868 வரை நீட்டப்பட்டது. கோடிகளுக்கு ஏலம் போகும் அலைக்கற்றையின் நடுவே ஊர்ப் பொது மேய்ச்சல் நிலம்போல மிஞ்சியிருக்கும் துண்டு அது.

ஒரு குறையை மறைக்க வேண்டியதில்லை. லோராவானின் விதிகள் திறந்தவை என்றாலும் அடியில் உள்ள கூவல் முறை செம்டெக்கின் காப்புரிமைக்கு உட்பட்டது. பொதுத்துறையும் பல்கலைக்கழகங்களும் சில்லு வடிவமைப்பில் இறங்காதவரை இந்தச் சார்பு நீடிக்கும்.

அதைவிட உடனடியான ஆபத்து வேறு. சண்டிகர், நாக்பூர், பஞ்ச்குலா போன்ற நகரங்களில் தூய்மைப் பணியாளர்களின் மணிக்கட்டில் இருப்பிடம் காட்டும் கடிகாரங்கள் மாட்டப்பட்டன. அவர்கள் எத்தனை நிமிடம் நின்றார்கள் என்று அலுவலகத் திரையில் பார்க்கப்பட்டது. அவை கைபேசி வலைப்பின்னலில் இயங்கியவை, பேட்டரி விரைவில் தீர்பவை. மலைத்தோட்டத்தில் கோபுரம் இல்லாததே இதுவரை ஒரு வகைக் காப்பாக இருந்தது. ஆண்டுக்கணக்கில் மின்னேற்றம் வேண்டாத மலிவான லோரா வில்லையைக் கொழுந்துக் கூடையில் தைத்துவிட்டால் பறிப்பவர் எந்த வரிசையில் எவ்வளவு நேரம் இளைப்பாறினார் என்பது வரை கணக்காகும். கங்காணி ஓய்வு பெற்று அவர் இடத்தில் ஏரியல் நிற்கும். மண்ணை அளக்கும் வலைப்பின்னலும் மனிதரை அளக்கும் வலைப்பின்னலும் ஒரே பெட்டியில் வருகின்றன. எதை இயக்க ஒப்புக்கொள்வது, எதை மறுப்பது என்று பேரம் பேச, அந்தப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பது தொழிலாளருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தெரிந்துகொள்வது கடினமல்ல. கேரள அரசுப் பள்ளிகளில் 2018இலிருந்து இயங்கும் லிட்டில் கைட்ஸ் குழுக்களில் மாணவர்கள் மின்னணுவியலையும் ஆர்டுயினோப் பலகைகளையும் கையாள்கிறார்கள். ஐசிஃபாஸ் லோராவானில் பயிற்சிகளும் திறந்தநிலை வன்பொருள் ஆய்வும் நடத்தி வந்திருக்கிறது. 2023 ஜூன் 5 அன்று தொடங்கிவைக்கப்பட்ட கேஃபோன் இழை அரசு அலுவலகங்களை இணைக்கிறது. வாயில் நிலையத்துக்கு வேண்டிய இணையம் அந்த இழையின் முனையிலிருந்து கிடைக்கும். 1962இல் பிறந்த கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத்தும் தமிழ்நாடு அறிவியல் இயக்கமும் பாடம் நடத்தத் தெரிந்தவை. குறைவது தமிழில் ஒரு கையேடு. மலையாளப் பாடநூலும் ஆங்கில விளக்கக் குறிப்பும் லயத்துப் பாட்டியை எட்டா. சங்கு ஊதினால் எந்தப் பக்கம் ஓடுவது என்பது அவருடைய மொழியில்தான் சொல்லப்பட வேண்டும்.

போனக்காடு இதற்குப் பொருத்தமான தொடக்க இடம். தோட்டம், காப்புக்காடு, அணை மூன்றும் அருகருகே இருக்கின்றன. மேலே விழும் மழையின் அளவு மணிக்கு மணி தெரிந்தால் லயத்துக்கும் பயன், பேப்பாறையிலும் அருவிக்கரையிலும் மதகைத் திறப்பதற்கு முன் ஆற்றங்கரை மக்களை எச்சரிக்க வேண்டிய நகரத்துக்கும் பயன். தலைநகருக்கு நீர் தரும் மலையின் மக்களுக்காகத் தலைநகரின் நீர்வள நிர்வாகமே செலவை ஏற்பது நியாயம். வாயில் நிலையத்துக்கு உயரமான இடம் காட்டுக்குள்ளோ தோட்டத்துக்குள்ளோதான் அமையும். வனத்துறையின் அனுமதி வேண்டும், உடைமையாளரின் இசைவு வேண்டும். சம்பளமே தராத உடைமையாளர் ஏரியலுக்கு இடம் தருவாரா என்ற கேள்வி நியாயமானதே. நிலம் யாருக்குக் குத்தகை, எதுவரை குத்தகை என்ற பழைய கேள்வியை ஒரு கம்பம் நடும் வேலையே மறுபடி கிளப்பினால் அதுவும் நல்லதுதான்.

கருவி வந்த பிறகும் வேலை ஓய்வதில்லை. சருகும் சிலந்தி வலையும் மழைமானியின் வாயை அடைக்கும், அட்டைகள் ஏறும், வாளி சாயாது, மழை கொட்டும்போது கணக்கு பூச்சியம் காட்டும். பல தானியங்கி நிலையங்கள் பழுதாவது மின்னணுக் கோளாறால் அல்ல, துடைக்க ஆளில்லாததால். வாரம் ஒருமுறை அதைத் திறந்து துடைத்து, எண்ணைச் சரிபார்த்து, ஏட்டில் குறிக்கும் வேலையை லயத்தில் இருக்கும் ஒருவரே செய்ய முடியும். அந்த வேலைக்கு எவ்வளவு கூலி, அதை எந்தத் தேதியில் எந்தத் துறை கொடுக்கும் என்பது திட்ட அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதப்பட வேண்டும். இன்னொரு நிலுவைக் கணக்கு போனக்காட்டுக்கு வேண்டாம்.